மருந்து அட்டையில் எழுதிய பெயர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். மருத்துவமனையில் மாத்திரை கொடுக்கிற சன்னலுக்குப் பின்னால் இருபத்தோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். நேரில் ‘மாத்திரை அக்கா’ என்று கூப்பிடுகிறவர்களே, நாலடி தள்ளிப் போனதும் ‘இடி அக்கா’ என்கிறார்கள். அதுவும் தெரியும். எச்.ஐ.வி.க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் சன்னலுக்கு வர வேண்டும். பழைய பாட்டிலை மிச்சத்தோடு நீட்ட வேண்டும். நான் தட்டில் கொட்டி எண்ணுவேன். மிச்சம் கூடினால் திட்டு, குறைந்தாலும் திட்டு.

அப்படி ஒருமுறை, திட்டக் கூடாத ஒருத்தியைத் திட்டித் தொலைத்தேன். அவளைப் பற்றிச் சொல்கிறேன்.

பல்லுக்காரி என்றுதான் நாங்கள் அவளைக் கூப்பிடுவோம். பொய்ப்பல் செய்கிற பட்டறையில் வேலை. பேன்சிக் கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறை. முன்னறையில் பல் டாக்டர்கள் அனுப்பிய வாய் அச்சுகளில் வெள்ளைப் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றுவார்கள். பின்னறையில் மெழுகை விளக்கில் இளக்கி ஈறு மாதிரி வளைத்து, அதில் பல்லை ஒவ்வொன்றாக நிறுத்துவார்கள். நிறுத்துகிற வேலை அவளுடையது. “பல்லு ரொம்ப நேரா இருந்தா பொய்ப்பல்லுன்னு தெரிஞ்சிடும் அக்கா. ஒண்ணைக் கொஞ்சம் கோணலா வெச்சாத்தான் மனுஷன் வாய் மாதிரி இருக்கும்” என்பாள். எந்நேரமும் முழங்கைவரை வெள்ளைத் தூள். சிரித்தால் சன்னலுக்கு இந்தப்பக்கம் இருக்கிற எனக்கும் சிரிப்பு வந்துவிடும்.

ஐந்து வயதில் அவளை அவள் அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். நடக்கிற வயசுதான், நடக்கத் தெம்பு இல்லை. அம்மாவிடமிருந்து பிறப்பிலேயே வந்த நோய். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அடுத்த வருடம் அம்மாவும் போனாள். சித்தி வீட்டில் எட்டு மாதம் இருந்தாள். அங்கே தனித் தட்டு, தனித் தம்ளர், தனி சோப்பு. சித்தி கெட்டவள் என்று சொல்ல மாட்டேன், பயந்தவள். ஆனால் அந்தப் பயம் ஒரு பிள்ளைக்கு எட்டு மாதத்தில் என்னவெல்லாம் செய்யும் என்று எனக்குத் தெரியும். பிறகு இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று இருந்த விடுதியில் சேர்த்தோம்.

அந்த விடுதியில் ஒரு பழக்கம் இருந்தது. காலை எட்டு மணிக்கு மாத்திரை. பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்திருப்பார்கள். ஒருத்தர் விழுங்குவதை மற்றவர் பார்க்க வேண்டும். விழுங்கியதும் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஒளித்து வைத்துத் துப்பினால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் தண்டனை. அவளுக்கு ஒன்பது வயதில் ஜோடியாக வாய்த்தவனுக்குப் பதினொன்று. அவனும் பிறப்பிலேயே நோயோடு வந்தவன்தான். இன்றைக்கு அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஏழு வருடம், அவன் விடுதியை விட்டுப் போகும்வரை, தினமும் காலையில் அவன் வாயை அவளும் அவள் வாயை அவனும் பார்த்து வளர்ந்தார்கள்.

பதினெட்டு ஆனதும் விடுதியை விட்டு வெளியே வந்தாக வேண்டும். அவன் ஏற்கெனவே வந்து வேலையில் இருந்தான். இடையில் ஒரு பெண்ணை விரும்பி, மறைக்கக் கூடாது என்று தன் நோயைச் சொல்லியிருக்கிறான். மறுநாளே அவள் அண்ணன் தெருவெல்லாம் சொல்லிவிட்டான். வேலையும் போய், குடியிருந்த அறையும் போய், ஆறு மாதம் ஆள் நடைப்பிணமாகத் திரிந்தான். அதனால் இவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகக் குடித்தனம் செய்யப் போகிறோம் என்று வந்து நின்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

“இவங்கிட்ட நான் எதையும் சொல்ல வேண்டியதில்ல அக்கா. எல்லாம் முன்னாடியே தெரியும்” என்றாள்.

எங்கள் மருந்து அட்டையில் ‘துணை’ என்று ஒரு வரி உண்டு. நோயாளி மாத்திரை சாப்பிடுவதைக் கவனிக்கிறவர், நோயாளி வர முடியாவிட்டால் வந்து வாங்கிக்கொண்டு போகிறவர். அந்த வரியில் பலர் எழுத ஆள் இல்லாமல் விழிப்பார்கள். அன்றைக்கு அவள் அட்டையில் அவன் பெயரையும் அவன் அட்டையில் அவள் பெயரையும் என் கையாலேயே எழுதினேன். இரண்டு பேருக்கும் ஒரே தேதி போட்டேன். யாராவது ஒருத்தர் வந்தால் போதும் என்றேன். எங்கள் மருத்துவமனையில் நடக்கிற இளைஞர் கூட்டத்தில் மற்றப் பிள்ளைகள் முன்னால் நிறுத்தி, “பாத்துக் கத்துக்கோங்க” என்று தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினேன்.

இனிச் சொல்லப்போவது எனக்குப் பிறகு தெரிய வந்தது. ஆனால் நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வருடம் நன்றாகத்தான் இருந்தார்கள். அவள் பட்டறையில் பெயர் எடுத்தாள், சம்பளம் உயர்ந்தது. போனில் பட்டறைக்காரர்கள் கூப்பிடுவார்கள், இவள் சிரித்துப் பேசுவாள். அந்தச் சிரிப்பு அவனுக்குப் பொறுக்கவில்லை. யாரு, எதுக்கு, என்ன சிரிப்பு என்று ஆரம்பித்தான். ஒருநாள் கன்னத்தில் அடித்தான். அடித்துவிட்டு அவனே அழுதான், அவள்தான் சமாதானப்படுத்தினாள். இரண்டாவது முறை அவன் அழவில்லை.

“போறதுன்னா போ. உன் பட்டறைக்கு ஒரே ஒரு போன் போடுவேன். வாய்க்குள்ள வைக்கிற சாமானை யாரு கை செய்யுதுன்னு சொல்லிடுவேன். அப்புறம் பாரு” என்றானாம்.

ஒரு போன் என்ன செய்யும் என்று அவனை விட நன்றாகத் தெரிந்தவர் யார்? தன்னைக் குத்திய கத்தியையே எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகுதான் மாத்திரையில் கை வைத்தான். இரண்டு பேர் பாட்டிலையும் அவன்தான் என்னிடம் வாங்கிப் போவான். அவளுடையதைத் தன் இரும்புக் கருவிப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். காலை எட்டு மணிக்குப் போனைத் திறந்து காட்டினால், நேற்று யாரோடு பேசினாள் என்று ஒப்பித்தால், ஒரு மாத்திரை. முகம் சுளித்தால் அன்றைக்குக் கிடையாது. “நாளைக்குப் பாக்கலாம்” என்பான். அடியைக்கூட அவள் தாங்கினாள். எட்டு மணி தாண்டுவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஐந்து வயதிலிருந்து ஒரு நாள் தவறினாலும் ஆபத்து என்று அவள் மண்டையில் ஏற்றியவர்கள் நாங்கள்தானே. கெஞ்சுவாள். கெஞ்ச வைப்பதற்குத்தான் அவன் அதைச் செய்தான். இந்த நோய் இல்லாத வெளியாள் ஒருத்தன் தன் மனைவியை இப்படிப் பிடித்து வைக்க முடியாது. எங்கள் பிள்ளைக்குத்தான் எங்கள் பிள்ளையை எங்கே பிடித்தால் வலிக்கும் என்று தெரிந்திருந்தது.

கொடுக்காத மாத்திரைகளைக் கழிப்பறையில் போட்டுவிட்டு, மிச்சத்தைச் சரியாக எண்ணி என்னிடம் கொண்டுவந்தான். என் கணக்கு அவனுக்கு அத்துப்படி. நானும் தட்டில் கொட்டி எண்ணி, “சபாஷ்” என்றேன். “அவ எங்கப்பா, கண்ணுலயே காணோம்?” என்று கேட்டால், “வேலை அக்கா, லீவே குடுக்க மாட்டேங்குறாங்க” என்பான். நம்பினேன்.

ஒரு காலையில் அவன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். பட்டறையிலிருந்து போன் வந்தது. அவள் எடுத்தாள். அவன் கையில் லிஃப்ட் கதவைத் திறக்கிற நீளச் சாவி இருந்தது. அந்தக் கையாலேயே அடித்தான். மேல்வரிசையில் இடப்பக்கம், நடுப்பல்லுக்கு அடுத்த பல் வேரோடு வந்துவிட்டது. அவள் வாயைக் கழுவிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். காய்ச்சல் என்று முகத்தை மூடிக்கொண்டு இரண்டு வாரம் வேலை பார்த்தாள். வீக்கம் வற்றியதும், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், அச்சு மாவைக் குழைத்துத் தன் வாயைத் தானே அச்செடுத்தாள். பிளாஸ்டர் ஊற்றினாள். தன் பல் நிறத்துக்கு ஒத்துப்போகிற பல் வரிசை ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து, ஒரு பல்லைப் பிரித்துக்கொண்டாள். மூன்று நாள் மதிய வேளையில் அந்த ஒரு பல்லைச் செய்து முடித்து மாட்டிக்கொண்டாள். பக்கத்துப் பல்லின் மேல் லேசாக ஏறியபடி, கொஞ்சம் கோணலாக.

அந்தப் பல்லோடு வருடாந்தரப் பரிசோதனைக்கு வந்தாள். அவனும் கூடவே வந்தான். சன்னலில் நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அவன் ரத்தத்தில் கிருமி கண்ணுக்கே தட்டுப்படவில்லை. அவள் ரத்தத்தில் நாற்பதாயிரத்துச் சொச்சம். பதினாறு வருடமாக அவளுக்கு ஒருமுறைகூட அப்படி வந்ததில்லை. எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இரண்டு பேரையும் வரவழைத்து, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவன் பக்கம் திரும்பினேன்.

“என்னப்பா, ஒழுங்கா சாப்பிடுறாளா?”

“சொல்லிப் பாத்துட்டேன் அக்கா. கேக்க மாட்டேங்குறா” என்றான். முகத்தில் அவ்வளவு கவலை.

அவ்வளவுதான். வரிசையில் இருபது பேர் நிற்கிறார்கள் என்றும் பார்க்காமல் பிடித்துக்கொண்டேன். “நாலு காசு கைல வந்ததும் திமிரா? உங்கம்மா உன்னைத் தூக்கிக்கிட்டு வந்தது நெனப்பிருக்கா? இந்தப் பையன் மட்டும் இல்லேன்னா நீ என்ன ஆவே?” என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ. அவள் தரையைப் பார்த்து நின்றாள். அவன், “விடுங்க அக்கா, நான் பாத்துக்குறேன்” என்று அவள் தோளில் கை போட்டு அழைத்துப் போனான். அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நான் கோட்டைவிட்டதைப் பட்டறை முதலாளி பிடித்தார். நாற்பது வருடமாகப் பிறர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷர். முன்பல் ஆறும் ஒரே மெழுகுப் பட்டையில் ஒட்டி வரும். ஒரு பட்டையில் ஐந்துதான் இருந்தது.

“ஏம்மா, ஒத்தப் பல்லுக்குக் கால் மொளச்சிடுச்சா?” என்று விளையாட்டாகக் கேட்டுக்கொண்டே நிமிர்ந்தவர், அவள் பேச வாயைத் திறந்ததும் நிறுத்திவிட்டார். அருகில் வந்து பார்த்தார்.

“வேலை நல்லாத்தான் இருக்கு. நிஜப் பல்லு எங்க?”

“விழுந்துட்டேன் சார்.”

“விழுந்தா உதடு கிழியும், மூக்கு உடையும், ரெண்டு மூணு பல்லு சேந்து ஆடும். ஒத்தப் பல்லு மட்டும் போச்சுன்னா அது இரும்பு. என்ன இரும்பு?”

அவள் கையிலிருந்த மெழுகைக் கீழே வைத்தாள். பிறகு, “சாவி” என்றாள். சொன்னதும் உடைந்துவிட்டாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, “எதுக்கு இன்னும் அவன் வீட்ல இருக்கே?” என்றார்.

அந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் சொல்ல முடியாது. சொன்னால் முழுவதும் சொல்ல வேண்டும், சொன்னால் வேலை போகலாம். வேலை போனால் அவன் கையிலேயேதான் கிடக்க வேண்டும். பிளாஸ்டர் காய்கிற நேரம் அளவுக்கு யோசித்தேன் என்று என்னிடம் சொன்னாள், அதாவது பத்து நிமிடம். பிறகு தன் நோயை, பிறந்ததிலிருந்து, அவன் போன் போடுவான் என்பதுவரை எல்லாவற்றையும் தானே சொல்லிவிட்டாள்.

முதலாளி ஒன்றும் பெரிய மகான் இல்லை. பேயடித்தவர் மாதிரி எழுந்து வெளியே போனார். கீழே டீ குடித்தார், இரண்டு தடவை. திரும்பி வந்து, “நான் உன் தம்ளர்ல தண்ணி குடிச்சிருக்கேனேம்மா” என்றார். அவள், அப்படியெல்லாம் தொற்றாது என்று விளக்கினாள். அவர் நம்பவில்லை. “எனக்குப் படிச்சவங்க சொல்லணும்” என்றார்.

மறுநாள் காலையில் அவளோடு சேர்ந்து அவரே என் சன்னலுக்கு வந்துவிட்டார். ஒரு காகிதத்தில் பதினோரு கேள்வி எழுதி எடுத்து வந்திருந்தார். தம்ளர், தும்மல், பிளாஸ்டர், மெழுகு, கொசு என்று ஒன்றுவிடாமல் கேட்டார். வேறு நாளாக இருந்தால் கொசுவுக்கே கத்தியிருப்பேன். ஆனால் அவள் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, அந்தப் பல்லைக் கழற்றிச் சன்னல் பலகையில் வைத்திருந்தாள். பதினொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாக அடித்துவிட்டுக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். “அப்போ நாளையிலருந்து வழக்கம் போல வாம்மா. ஆனா அந்தப் பல்லு விலையைச் சம்பளத்துல பிடிச்சுக்குவேன்” என்றார். அவள் அழுகையோடு சிரித்தாள். அவர் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அவர் போன பிறகு அவளிடம் கேட்டேன். “அன்னிக்கு அவ்வளவு திட்டினேனேடி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீங்க எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலையே அக்கா. அவங்கிட்டதானே கேட்டீங்க” என்றாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நடந்ததைச் சொன்னாள்.

விட்டுவிட்டுச் சாப்பிட்டதில் பழைய மாத்திரைக்குக் கிருமி பழகிப்போயிருந்தது. இனி அது அவளுக்கு வேலை செய்யாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வகை மருந்துக்கு மாற்றினோம். நாளைக்கு இரண்டு வேளை, பெரிய மாத்திரை, வயிற்றைப் புரட்டும். அதுவும் கெட்டால் அதற்கு மேல் எங்களிடம் அதிகம் இல்லை. பல்லை உடைத்தவன் அவன். மாத்திரையை அவன் கையில் கொடுத்தவள் நான்.

போலீசுக்குப் போகலாம் என்றோம். “யோசிச்சுச் சொல்றேன்” என்றாள். வேலைக்குப் போகிற பெண்கள் தங்குகிற இடத்தில் ஒரு கட்டில் பார்த்துக் கொடுத்தோம். அவளுடைய அட்டையில் அவன் பெயரை அடித்தேன். அந்த இடத்தில் முதலாளி பெயரை எழுதச் சொன்னாள். சரி, அவன் அட்டையில் இருக்கிற உன் பெயரையும் அடித்துவிடுகிறேன் என்று கையில் எடுத்தேன்.

“அது இருக்கட்டும் அக்கா.”

“எதுக்குடி இருக்கட்டும்?”

“பாவம், அவனுக்கு யாரு இருக்கா?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அவளைத் திட்டுகிற தகுதியை நான் தொலைத்திருந்தேன். அட்டையைத் திரும்ப அடுக்கில் வைத்தேன்.

மூன்று மாதம் போனது. அவன் பட்டறைக்குப் போன் போட்டானாம். முதலாளி, “தெரியும்ப்பா, வேற ஏதாவது இருந்தா சொல்லு” என்று வைத்துவிட்டாராம். அதற்குப் பிறகு அவன் போடவில்லை. அவள் கொஞ்சம் சதை போட்டாள். ஆனால் நான் ஒரு முட்டாள்தனம் செய்திருந்தேன். இருவருக்கும் போட்ட ஒரே தேதியை மாற்ற மறந்துவிட்டேன். அவள் சன்னலில் புது மருந்து வாங்கிக்கொண்டிருந்தபோது அவன் பின்னால் வந்து நின்றான்.

இளைத்து, கன்னம் ஒட்டி, உதட்டோரம் புண்ணாக இருந்தான். பழைய பாட்டில் மூன்றையும் பலகையில் வைத்தான். நான் தட்டில் கொட்டினேன். மூன்று பாட்டில் மாத்திரையும் அப்படியே இருந்தது. மூன்று மாதமாக அவன் ஒன்றுகூடச் சாப்பிடவில்லை.

அவன் என்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான்.

“எண்ணிப் பாரு. என் அட்டையில உன் பேருதானே போட்டிருக்கு. நீ பாக்காம எனக்கு எறங்காது. வீட்டுக்கு வா, சாப்பிடுறேன். வரலேன்னா இப்படியே போய்ச் சேர்றேன். அப்புறம் நீதான் காரணம்.”

அவள் கை தட்டை நோக்கிப் போனது. ஒன்பது வயதிலிருந்து பழகிய கை. ஐந்தைந்தாக ஒதுக்க ஆரம்பித்தாள், ஐந்து, பத்து, பதினைந்து. கண்ணிலிருந்து நீர் சொட்டித் தட்டில் விழுந்தது. போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

இருபதில் கை நின்றது. தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“அக்கா, அவன் அட்டையில என் பேரை அடிச்சிடுங்க.”

“அப்போ நான் செத்துப் போகட்டுமா?” என்று கத்தினான்.

“சாப்பிடு. இல்லேன்னா விடு. இனிமே நான் பாக்க மாட்டேன்” என்றாள்.

அட்டையை எடுத்து, அவர்கள் இரண்டு பேரும் பார்க்க, அந்தப் பெயரின் மேல் கோடு இழுத்தேன். எழுதும்போது இவ்வளவு நேரம் ஆகவில்லை. அவள் தன் மருந்தைப் பைக்குள் வைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று படியிறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவன் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். வரிசை அவனைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது, நானும் ஏழெட்டுப் பேருக்கு மருந்து கொடுத்து அனுப்பினேன். பிறகு அவன் மெதுவாகச் சன்னலருகே வந்து, தட்டைப் பார்த்தபடி, குடிக்கத் தண்ணீர் கேட்டான்.